வன்னிக் குட்டி

எனக்கு நாய் என்றால் ஆகாது. இன்றைக்கும் ஆகாது. அப்படிப்பட்ட நான்தான் வன்னியிலிருந்து ஒரு நாய்க்குட்டியை மூன்று பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மாவின் அரியண்டம் தாங்காமல் செய்த வேலை அது. அப்பாவும் அண்ணைமாரும் கடலுக்குப் போனால் தொண்டைமானாற்று வீட்டில் அம்மா தனி. நாய் வேண்டும், அதுவும் வன்னி நாய்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வன்னி நாய் கரடிக்கும் பயப்படாதாம். எங்கள் ஊரில் கரடியை யார் கண்டது?

அப்போது நான் வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லீவு விட்ட அன்று, பக்கத்து வளவுக் கமக்காரர் ஒரு குட்டியைப் பனையோலையால் பின்னிய உமல் பைக்குள் விட்டு, உமலின் வாயைத் துணியால் கட்டித் தந்தார். வழியைக் கண்டுவிட்டால் திரும்பி ஓடிவந்துவிடும், வீடு போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள்.

பரந்தனில் ஏறிய ஒரு தாயும் மகளும் எனக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மகளுக்கு ஆறேழு வயதிருக்கும், முன்பல் இல்லை. தன் தமையன் வயலில் அறுவடை முடிந்து, ஒரு மூட்டை நெல்லோடு கொடிகாமத்துக்குத் திரும்புவதாகத் தாய் சொன்னார். உமல் ஒருதரம் முனகியது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்து, இன்னொருதரம் சத்தம் கேட்டால் நாயை றோட்டில் இறக்கிவிடுவேன் என்று வெருட்டினார். அவ்வளவுதான், பிள்ளை உமலைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டது. துணியைக் கொஞ்சம் நெகிழ்த்தி, தான் தின்றுகொண்டிருந்த பணிஸைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே கொடுத்தது. குட்டி மூச்சுக் காட்டவில்லை. எனக்கும் நிம்மதி, நித்திரையாகிவிட்டேன்.

கொடிகாமத்தில் தாய் என்னைத் தட்டி எழுப்பி உமலைத் தந்தார். நானும் அங்கேதான் அடுத்த பஸ்ஸுக்கு மாற வேண்டும். நெல்லு மூட்டையை ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றினார். பிள்ளை வண்டியிலிருந்து உமலுக்குக் கை காட்டிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாளே குட்டி பால் குடிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது. வாயிலிருந்து நீர் வடிந்தது. நாவூறு பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார். சந்நிதிக் கோயில் திருநீற்றை விரலால் எடுத்து அதன் வாய்க்குள் வைத்தார். மறுநாள் விடியச் செத்துக் கிடந்தது. கடலால் வந்த அப்பா வளவின் மூலையில் குழி வெட்டித் தாட்டார். அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்று பின்னேரம் என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் பக்கத்து ஊர்தான், லீவுக்கு எனக்குப் பிந்தி வந்தவர். தேத்தண்ணி குடித்தபடி சேலை விலை கதைத்தார், தலைமை ஆசிரியரின் குணம் கதைத்தார். பிறகு அதே குரலில் சொன்னார்:

“உமக்குக் குட்டி தந்த வீட்டுத் தாய்நாய்க்கு விசர் பிடிச்சிட்டுது. நேற்றுத்தான் வெடி வைச்சுச் சாக்காட்டினவை.”

அம்மா தன் விரலைப் பார்த்தார். நான் என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்காவது கீறல் இருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் அந்தப் பணிஸ் எனக்கு நினைவு வந்தது. விசர்நாய் கடித்து, நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு ஒரு மருந்தும் கேளாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அப்பா அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கொடிகாமத்துக்குப் போனேன். அந்தத் தாயின் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. சந்தைக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் எல்லோரிடமும், பஸ்ஸால் இறக்கிய நெல்லு மூட்டையை ஏற்றியது யார் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஒருவர் தான்தான் என்றார். அவருடைய வண்டியிலேயே போனேன். மாடு நடந்த நடைக்கு, இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

தாய் என்னைக் கண்டதும் வாய் நிறைய வரவேற்றுப் பாய் எடுக்கப் போனார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“கடிக்கேல்லை,” என்றார். “நான் பக்கத்திலதானே இருந்தனான். கடிக்கேல்லை.”

பிள்ளை அப்போதுதான் விளையாடிவிட்டு வந்து கதவடியில் நின்றது. சுட்டுவிரலில் ஒரு சீலைத்துண்டு சுற்றியிருந்தது. தேங்காய்த் திருவலையில் வெட்டியது என்று சொல்லியிருந்ததாம். தாய் துண்டை அவிழ்த்தார். திருவலை வெட்டு அப்படி இராது. பக்கத்துப் பக்கத்தில் சின்னதாக இரண்டு துளை.

“சொன்னால் குட்டியை றோட்டில இறக்கிவிட்டிடுவார் எண்டுதான் சொல்லேல்லை,” என்றது பிள்ளை.

தாய் அடித்தார். பிள்ளையை அல்ல, என்னை. ஓங்கிக் கன்னத்தில். பெற்றவரே என்னை அப்படி அடித்ததில்லை. காது கூவியது. மூக்குநுனியில் கோபம் உள்ளவள் நான், ஆனால் கோபம் வரவில்லை. பிறகு அவரே என் கையைப் பிடித்து இழுத்து, “நட, பஸ் வரப்போகுது,” என்றார். யாழ்ப்பாணம் போய் இறங்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒரு ஊசி. அம்மாவும் நானும் அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் ஒரே மர வாங்கில் இருந்தோம். முதல் நாள் பிள்ளை உதைத்த உதையில் தாதியின் தொப்பி கழன்று விழுந்தது. தாயால் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டார். நான்தான் பிள்ளையின் கைகளைப் பிடித்தேன். திமிறிக்கொண்டே கேட்டது:

“குட்டிக்கும் ஊசி போட்டவையோ?”

“ஓம்,” என்றேன்.

“அழுததோ?”

“இல்லை.”

பிள்ளை காலை நீட்டிப் படுத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அழவில்லை. முனகியதெல்லாம் பெரியவர்கள் நாங்கள்தான்.

எங்கள் மூவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்தப் பிள்ளை இன்று தானும் ஒரு தாய். ஆனால் அப்போது அது யாருக்குத் தெரியும்? விசர் கண்டால் தண்ணீர் உள்ளே இறங்காதாம்; ஒவ்வொரு மிடறு தண்ணீரையும், தொண்டை ஏற்கிறதா என்று கவனித்துக் கவனித்தே குடித்தேன். பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது தாயும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம்.

கடைசி ஊசி போட்ட அன்று பிள்ளை கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தது.

“எனக்கு முடிஞ்சுது. குட்டிக்கும் முடிஞ்சுதுதானே? இப்ப உங்கடை வீட்டை போவம்.”

தாய் என்னைப் பார்த்தார். அடித்தபோதுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

“நீங்களே சொல்லுங்கோ, ரீச்சர்,” என்றார்.