ஏகாதசி விரதம் இருந்த ஜெசிந்தா அக்கா

சனிக்கிழமை காலை பெருமாளுக்குத் துளசி தொடுத்துக்கொண்டிருந்தபோது, நம் பழைய ஞாயிறு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "ஜெசிந்தா அக்கா நம்மள விட்டுப் போயிட்டாங்க." கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் வந்தது. பகவான் மன்னிப்பார், அந்த அக்காவை நினைத்துச் சிரிக்காமல் அழ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், தோழிகளே.

வீட்டு வேலைக்கு நடுவே அஞ்சல் வழியில் பட்டம் படிக்கச் சேர்ந்தவர்கள் நாம். ஞாயிறுதோறும் திருச்சியில் வகுப்பு. பாலக்கரையிலிருந்து அக்கா சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார். டிபன் பாக்ஸில் மீன் குழம்பு. "வைதேகி, காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நீ இப்படி வந்து உக்காரு" என்று என்னை இடம் மாற்றிய பிறகுதான் மூடியைத் திறப்பார்.

ஊட்டச்சத்துத் தாளுக்கு, 'உங்கள் வீட்டின் ஒரு வாரச் சமையல்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எதையும் அளந்து குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு, முதலில் முடித்துவிட்டேன். "எப்படி எழுதுறதுன்னு பாத்துட்டுத் தரேன்" என்று அக்கா வாங்கிப் போனார். அவரிடமிருந்து இன்னொருவர், அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை. வகுப்பில் பாதிப் பேர் என் வீட்டுச் சமையலைத் தங்கள் வீட்டுச் சமையலாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மறு ஞாயிறு மேடம் கட்டுகளை மேசைமேல் போட்டார். "பாலக்கரையில ஏகாதசி விரதம். லால்குடியிலயும் விரதம். துவாதசிக்கு எல்லார் வீட்லயும் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி! ஒருத்தர் வீட்லயும் வெங்காயம் பூண்டு கிடையாது. யாரு எழுதினது அசல்? சொல்லலேன்னா எல்லாருக்கும் பூஜ்யம்தான்."

சொன்னால் அக்கா மாட்டுவார். சொல்லாவிட்டால் என் தாளும் போகும். போனால் படிப்புக்கு வீட்டில் மறுபடி அனுமதி கிடைக்காது. அது அக்காவுக்கும் தெரியும்.

அவர்தான் எழுந்தார். "மேடம், ஞாயித்துக்கிழமை மீன் இல்லேன்னா எங்க வீட்டுக்காரரு தட்டையே தொடமாட்டாரு. இதுல நான் எங்கேருந்து ஏகாதசி இருக்குறது? வைதேகி எழுதினதப் பாத்து எழுதிட்டேன். அத வெளியில விட்டதும் நாந்தான். அவ மேல தப்பில்ல."

மேடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் கட்டுரை பிழைத்தது. பார்த்து எழுதியவர்கள் அந்த வருஷம் அந்தத் தாளை எழுத முடியவில்லை.

திரும்பும்போது, "என்னால உங்களுக்கு ஒரு வருஷம் போச்சேக்கா" என்றேன்.

"போகட்டும் போ. உன் அகத்திக்கீரைய எத்தன நாளைக்குடி நான் திங்கிறது? கசக்குது!"

மறு வருஷம் தன் வீட்டுச் சமையலையே எழுதினார். எண்ணெய் அதிகம், கீரையே இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அக்கா எல்லோரிடமும் தாளைக் காட்டிக்கொண்டு திரிந்தார். "மார்க் கம்மிதான். ஆனா மீனு நம்ம வீட்டு மீனு!"

இப்போது என் பெண் கல்லூரியில் படிக்கிறாள். கட்டுரை எழுதச் சொன்னால் செல்போனைக் கேட்டு அப்படியே இறக்கிவிடுகிறார்கள் பிள்ளைகள். நேற்று அவளும் போனை எடுத்தாள். "வேண்டாம்டி. மார்க் கொறஞ்சாலும் மீன் நம்ம மீனா இருக்கட்டும்" என்றேன்.

அவள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். "அம்மா, நம்மாத்துல ஏதும்மா மீன்?"

இருக்கிறது. அக்கா கொடுத்துவிட்டுப் போனது.