தெல்மா வண்டியை நிறுத்தும் இடம்

தெல்மா லார்வுட் இரண்டு முறை நிச்சயமாகி, இரண்டு முறையும் கல்யாணத்தை நிறுத்தியவள். முதல் மாப்பிள்ளை எந்தச் சாப்பாடு வந்தாலும் வாயில் வைத்துப் பார்க்காமலே உப்பைக் கொட்டினான். இரண்டாமவன் நல்லவன்தான், ஆனால் பசி என்றால் என்னவென்றே தெரியாதவன். "அவனோட உக்காந்து சாப்பிட்டா செவுத்தப் பாத்துச் சாப்பிடற மாதிரி இருக்கும்" என்று தன் ஊரான ஸ்வாஃபத்தின் கடைத்தெருவில் நின்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு வேலை, ப்ரூவர் என்பவரின் சுற்றுலா பஸ்ஸை ஓட்டுவது. லீவு நாளில் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையோரம் தனியாகக் கிளம்பிவிடுவாள். எந்தச் சாப்பாட்டுக் கடை வாசலில் தபால்காரரின் வண்டி நிற்கிறதோ அங்கே நுழைவாள்; ஊரில் எது ருசி என்று தெருத் தெருவாகச் சுற்றுகிற அவருக்குத்தானே தெரியும். பரிமாற வருகிறவரிடம், "இந்த மீனப் பிடிச்சது யாரு?" என்பாள். ஆள் பெயரைச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். "வண்டியில வருதும்மா" என்றால் ஒரு டீயோடு சரி. இருபது வருஷத்தில் அந்தக் கரை முழுவதும் அவள் நாக்குக்கு மனப்பாடம்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. புதன்கிழமைதோறும் முப்பது பேருக்குக் குறையாத ஓய்வுபெற்றவர்களைக் கடல் பார்க்க அழைத்துப்போவாள். மத்தியானச் சாப்பாடு, ப்ரூவர் பேசி வைத்திருந்த நெடுஞ்சாலை விடுதியில். காய்ந்துபோன இறைச்சி, வெந்து வெந்து சாம்பல் நிறமாகிவிட்ட பட்டாணி. பெர்னார்ட் டுடன்ஹம் என்ற பழைய கசாப்புக் கடைக்காரர் அங்கே கரண்டியைத் தொட்டதே இல்லை. வீட்டிலிருந்து ஒரு தகர டப்பாவில் சாண்ட்விச் கொண்டுவருவார். அடுத்தவர் வெட்டிய இறைச்சியை அவர் நம்பமாட்டார்.

1994 ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. மணி பன்னிரண்டரை. பஸ் போய் நின்றால் விடுதியின் சமையலறையில் மின்சாரம் போயிருந்தது. மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு, பிஸ்கட்டும் ஆரஞ்சு ஜூஸும் தருகிறேன் என்றார். முப்பத்தொரு முகமும் தொங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து பெர்னார்ட் டப்பாவைத் திறந்தார்.

"ஏன் பெரியவரே, இத்தனை பேரு பட்டினியா பாத்துக்கிட்டிருக்க உங்களுக்கு மட்டும் எறங்குதா?" என்றாள் தெல்மா.

"நானா கரண்ட்ட புடுங்கினேன்? நல்ல சோறு எங்க கெடைக்கும்னு தெரிஞ்சா அங்க ஓட்டேன். பஸ்ஸு உன் கையிலதான இருக்கு?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் தெல்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தெரியுமே! தெரிந்தும் இத்தனை வருஷமாக இவர்களை இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறோமே! வண்டியைக் கிளப்பினாள்.

பதினோரு மைல் தள்ளி சால்ட்ஹோ என்ற மீனவ ஊர். கடலுக்கு இறங்கும் பாதை, இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து, ஒரு வண்டி போகத்தான் அகலம். பாதி வழியில் எதிரே ஒரு டிராக்டர், பின்னால் படகை இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

"ஏம்மா, இது பஸ்ஸு வர்ற பாதையா?" என்று டிராக்டர்காரர் கத்தினார்.

"பஸ்ஸு வராதுதான். ஆனா முப்பத்தொரு வயிறு வருதே, என்ன பண்ண?"

"படகோட என்னால பின்னால போக முடியாது."

"அப்ப நானே போறேன். பெரியவரே, எறங்கிப் பின்னாடி நின்னு கை காட்டுங்க!"

பெர்னார்ட் முணுமுணுத்தபடி இறங்கினார். வேலிச்செடி கண்ணாடியைக் கீற, உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, கால் மைல் தூரம் பஸ் பின்னோக்கி ஊர்ந்து ஒரு வயலின் வாசலில் ஒதுங்கியது. டிராக்டர் தாண்டிப் போனதும் உள்ளே ஒரே கைதட்டல்.

ஹெஸ்டர் பிளைத் கடலோரக் கொட்டகையில் நண்டு அவித்து விற்பவள். பஸ்ஸைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தெல்மா! ஒண்டியா வந்து ரெண்டு நண்டு தின்னுட்டுப் போறவ, இன்னைக்கு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியா?"

"நண்டு இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"காலையில அவிச்சது கூடை நெறைய இருக்கு. யாரு உடைச்சுச் சுத்தம் பண்றது? எனக்கு இருக்கறது ரெண்டு கைதான், கண்ணு."

பெர்னார்ட் கூடையை எட்டிப் பார்த்தார். ஒரு நண்டை எடுத்துக் கனம் பார்த்தார், முகர்ந்தார். பிறகு கோட்டைக் கழற்றித் தெல்மாவிடம் கொடுத்துவிட்டு, "கத்தி கூரா இருக்கா?" என்றார்.

அதன்பின் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஓட்டைப் பிளந்து, சாப்பிடக்கூடாத செவுளைப் பிய்த்தெறிந்து, வெள்ளைச் சதை ஒரு பக்கம் பழுப்புச் சதை ஒரு பக்கமாக ஓட்டுக்குள்ளேயே அழகாக நிரப்பினார். தெல்மா ரொட்டிக் கடைக்கு ஓடி இருந்த ரொட்டியை எல்லாம் அள்ளி வந்தாள். தட்டு போதாததால் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். கவிழ்த்த படகுகள் மேலும் கடல் சுவர் மேலும் வரிசையாக உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு நண்டை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். பெர்னார்டின் சாண்ட்விச், ஹெஸ்டரின் நாய்க்குப் போயிற்று.

இரண்டு மணி நேரம் தாமதமாக ஊர் திரும்பினால் ப்ரூவர் வாசலில் முகம் சிவந்து நின்றார். பஸ்ஸின் பக்கமெல்லாம் கீறல்.

"யாரக் கேட்டு அங்க போன? நாளைலேர்ந்து நீ வண்டியத் தொடாத!"

தெல்மா சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றிரவு கொஞ்சம் அழுதாள் என்பதையும் அவளே பிறகு சொல்லியிருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை பஸ்ஸுக்கு வந்தவர்கள் நான்கே பேர். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரம் ப்ரூவரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அந்த டுடன்ஹம் கிழவர் ஊர் பூராச் சொல்லி வச்சிருக்காரு, தெல்மா இல்லாம பஸ்ஸில ஏறாதீங்கன்னு. வா, வந்து ஓட்டு."

"வரேன் மொதலாளி. ஆனா சாப்பாட்டுக்கு எங்க நிறுத்தறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"சரி. எங்கேன்னு எனக்காவது முன்னாடியே சொல்லிடு."

"உங்ககிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி. மாட்டேன்."

ப்ரூவர் சிரித்துவிட்டார்.

அப்புறம் பதினேழு வருஷம். மே மாதமானால் ஒரு பண்ணை வாசலில் அன்று பறித்த அஸ்பாரகஸ் என்கிற தண்ணீர்விட்டான் தண்டு, உருகிய வெண்ணெயோடு. அக்டோபரில் ஓடைக்கரை பப் ஒன்றில் பாலாடை ஊற்றிய சிப்பி. ஒரு சர்ச் கூடத்துப் பெண்கள் செய்யும் பாகு இனிப்புக்காகவே சிலர் இரண்டு வாரம் முன்பே சீட்டுப் பிடித்தார்கள். ஒரே ஒரு முறை சறுக்கினாள். ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து கூட்டிப்போன பப்பில், சமையல்காரி முந்தின நாள்தான் புதுக் காதலனோடு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டிருந்தாள். வினிகரில் ஊறிய முட்டை ஆளுக்கு ஒன்றுதான் கிடைத்தது. "அந்தக் காதலனுக்காவது நல்ல சாப்பாடு கெடைக்கட்டும்" என்று பெர்னார்ட் பீர் கோப்பையை உயர்த்தினார்.

இப்போது தெல்மா ஓய்வுபெற்று சால்ட்ஹோவிலேயே இருக்கிறாள். போன கோடையில் ஒரு வெளியூர்த் தம்பதி காரை நிறுத்தி, "அம்மா, இந்தப் பக்கம் நல்லா சாப்பிட எடம் இருக்கா?" என்று கேட்டார்கள்.

"எவ்வளவு பசி?" என்றாள் தெல்மா.

"கொலப்பசி."

வழி சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, அவர்கள் காரின் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "சொன்னாப் புரியாது. மொதல்ல எடது பக்கம் திரும்புங்க."