இடமில்லை என்று எழுதிய பனியன்

1. ஹோல்டு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெயில் வந்தது. பிரின்டிங்கை உடனே நிறுத்தவும், மறு தகவல் வரும்வரை ஒரு பீஸ்கூட அனுப்ப வேண்டாம் என்று ஒரே வரி. எங்கள் தொழிலில் இதற்கு ஹோல்டு என்று பெயர். இருபத்தெட்டு வருட மெர்ச்சண்டைசர் வேலையில் நான் பார்க்காத ஹோல்டு இல்லை. கலர் பிடிக்காமல் ஹோல்டு, கப்பல் கிடைக்காமல் ஹோல்டு, சரக்கு வாங்குகிற பையர் கடையையே மூடிவிட்டுப் போனதால் ஹோல்டு. ஒரு நாட்டு அரசாங்கத்துக்கு மவுசு குறைந்துபோனதால் வந்த ஹோல்டு அது ஒன்றுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெர்ச்சண்டைசர் என்றால் பையர் கேட்பதைக் கம்பெனிக்கும், கம்பெனி செய்ததைப் பையருக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு நடுத்தரமான எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஹோல்டு ஆன ஆர்டர் ஒரு வெளிநாட்டின் ஆளுங்கட்சி கொடுத்தது. பிரசாரத்துக்கான பனியன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் கடைகள் இன்னும் எங்கள் கம்பெனிக்கு வேலை தருகின்றன. கருநீலத் துணியில், நெஞ்சு முழுக்க வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரி. நம் பாஷையில் சொன்னால், "இடமில்லை. திரும்பிப் போங்கள்." வெளிநாட்டிலிருந்து அங்கே பிழைக்க வருகிறவர்களைப் பார்த்துச் சொல்வது.

இப்படி ஒரு ஆர்டரை எடுக்கலாமா என்று நான் ஒரு பேச்சுக்கு முதலாளியிடம் கேட்டேன். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், அவர் அப்பா காலத்திலிருந்து நான் இருப்பதால் என்னை அண்ணா என்பார்.

"அண்ணா, நமக்கெதுக்குங்க அவங்க ஊர் அரசியலு? கேட்டதை அடிச்சுக் குடுக்கறது நம்ம வேலைங்க. எழுத்துல தப்பு இல்லாம பாத்துக்கங்க, போதும்" என்றார்.

எழுத்தில் தப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பிரின்ட்டுக்கு முன்பு ஒரு மாதிரி அடித்து அனுப்புவோம். அதைப் பார்த்துவிட்டு அந்தக் கட்சிக்காக ஆர்டர் கொடுத்த ஏஜென்ட், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன்கூடப் படிக்க வேண்டும், எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றார். பெரிதாக்கிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு அங்குல அகலம். இந்தக் கணக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று பின்னால் தெரியும்.

2. சைஸ் சொன்ன செய்தி

முதல் ஆர்டர் வந்தபோது அந்த அரசாங்கத்துக்கு நல்ல செல்வாக்கு. வருகிறவர்களைத் தடுப்போம் என்று சொல்லித்தான் ஜெயித்திருந்தார்கள். ஐம்பதாயிரம் பீஸ். அதில் ஸ்மாலும் மீடியமும் பாதிக்கு மேல். மூன்று மாதத்தில் ரிப்பீட் ஆர்டர் வந்தது, பீஸும் குறைந்தது, ஸ்மாலும் குறைந்தது. ஹோல்டு ஆன மூன்றாவது ஆர்டரில் எக்ஸ்எல்லும் டபுள் எக்ஸ்எல்லும்தான். இளவட்டங்கள் கழன்றுகொண்டார்கள், தொப்பை விழுந்தவர்கள்தான் மிச்சம் என்று முதலாளியிடம் சொன்னேன். நம்பாமல் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அந்த நாட்டில் யாரோ மெனக்கெட்டுக் கருத்துக்கணிப்பு எடுத்து அதையேதான் கண்டுபிடித்தார்கள்.

அங்கே டிவியில் தினமும் சண்டை. வெளியாள் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பது, தோட்டத்தில் பழம் யார் பறிப்பது என்று ஒரு கூட்டம் கேட்டது. நிறுத்துகிறேன் என்றாயே, நிறுத்தினாயா என்று இன்னொரு கூட்டம் கேட்டது. அரசாங்கம் இருவரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்து இருவரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

சண்டை எங்கள் தையல் லைனுக்கும் வந்தது. அந்தப் பனியனைத் தைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒடிசா, பீகார் ஆட்கள். ஓவர்லாக் மெஷினில் சந்தோஷ் என்று ஒருவன், ஒடிசாக்காரன், பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறான். வடக்கேயிருந்து வந்தவர்கள் எல்லோரையும் நாங்கள் இந்திக்காரன் என்றுதான் சொல்வோம். என் பாஷை ஒடியாங்க என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். ஒருநாள் பனியனின் நெஞ்சைக் காட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். சொன்னேன்.

"யாரைங்க சார் போகச் சொல்றாங்க?"

"வெளியில இருந்து அங்க வேலைக்குப் போறவங்களை. நம்மாளுங்களுந்தான்" என்றேன்.

கையில் இருந்த நூல் கட்டரைக் கீழே வைத்தான். "அப்ப அந்த ஊர்ல நீங்கதான் இந்திக்காரனுங்களா, சார்?" என்றான்.

லைன் முழுக்கச் சிரித்தது. டார்கெட்டைப் பார் என்று அதட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு டார்கெட்டை அவன் எப்போதோ தாண்டியிருந்தான்.

3. வீட்டில் ஒரு ஃபைல்

அந்த நாட்டுச் செய்தியெல்லாம் எனக்கு எப்படி அத்துப்படி என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் கயல், கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த நாட்டுக்குத்தான் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். இரண்டு வருடம் அவர்கள் பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் செய்து வைத்திருந்தாள். நடுவில் அரசாங்கம் இரண்டு தடவை விதியை மாற்றியது. ஒவ்வொரு தடவையும் ஃபைல் கொஞ்சம் தடித்தது, பிள்ளை கொஞ்சம் மெலிந்தாள். அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது கடைசியில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அந்த இன்டர்வியூவும் போனால் பரீட்சை செல்லுபடியாகும் காலம் முடிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து வரவேண்டும்.

பகலில் திரும்பிப் போங்கள் என்று பனியன் அடிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று அந்த அரசாங்கத்தைத் திட்டுவேன். இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. என் மனைவிதான் சேர்த்தாள்.

"ஏனுங்க, நம்ம புள்ளைய வராதேன்னு எழுதறதுக்கு நீங்களே மை வாங்கிக் குடுக்கறீங்களாமா?" என்றாள்.

மை பிரின்டிங்காரர் வாங்குவது, கம்பெனி வாங்குவதில்லை என்று விளக்கினேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

4. நெஞ்சைப் படிக்காத ஊர்

ஹோல்டு ஆன ஆர்டர் மூன்று வாரத்தில் கேன்சல் ஆனது. இடைத்தேர்தல்களில் வரிசையாகத் தோற்று, கட்சியில் தலைவரை மாற்றிவிட்டார்கள். புதுத் தலைவருக்குப் புது வாசகம். எங்கள் கோடவுனில் பழைய வாசகம் பன்னிரண்டாயிரம் பீஸ். மிச்சச் சரக்கு எடுக்கிற வியாபாரி ஒருவர் வந்து துணியைத் தடவிப் பார்த்து, "பனியன் அருமைங்க, எழுத்துத்தான் கொஞ்சம் கோவமா இருக்குது" என்று பாதியை எடுத்துக்கொண்டு போனார். மீதியை ஆயுதபூஜைக்குப் பொரி, சுண்டலோடு ஆளுக்கு நாலு என்று முதலாளி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. திருப்பூரில் யாரும் பனியன் கடையில் வாங்குவதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனியில் இருப்பார், மிச்சமான பீஸ் வந்துகொண்டே இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதும் இல்லை. என் மாமனார் "மணப்பெண்ணின் தோழி" என்று எழுதிய ரோஸ் பனியனில்தான் தினமும் வாக்கிங் போவார். எழுபது வயது. துணி சாயம் போகிறதா, கழுத்து தொங்குகிறதா என்று மட்டும்தான் நாங்கள் பார்ப்போம்.

ஆயுதபூஜை முடிந்த வாரத்தில் வேலம்பாளையம் முழுக்கக் கருநீலம். பாட்னாவிலிருந்து வந்தவன், புவனேஸ்வரிலிருந்து வந்தவன், மதுரைப் பக்கமிருந்து வந்தவன், உள்ளூர்க்காரன் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டு டீ குடித்தார்கள். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தையல் நன்றாக வந்திருந்தது.

5. சார்ஜர்

கயலின் இன்டர்வியூ ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேப்டாப்பில். கூடத்து மேஜையில் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த காலண்டரைக் கழற்றினோம், மிக்ஸிக்கு வாயடைத்தோம். நான் சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. அந்தப் பக்கம் வார்டு தலைமை நர்ஸ் ஒரு அம்மாள், ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து ஒரு மனிதர். முக்கால் மணி நேரம் கேள்வி. பிள்ளை தட்டாமல் பதில் சொன்னாள். கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மேஜைக்கு அடியில் அவள் கை மட்டும் என்னைக் கூப்பிட்டது. லேப்டாப்பில் சார்ஜ் தீரப் போகிறது. டிவி பக்கத்தில் கிடந்த சார்ஜரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிளக் பாயின்ட் கயலுக்குப் பின்னால், காலண்டர் இருந்த சுவரில். சொருகினேன். அந்தப் பாயின்ட் லூஸ், பிடித்துக்கொண்டே நின்றால்தான் கரன்ட் வரும். லேப்டாப்பைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டே நின்றேன்.

மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டார், அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். என்ன பார்க்கிறார்கள் என்று நானும் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குல அகலம். கையெழுத்துப் போட்ட நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

ஓடிவிடலாம் என்றால் கரன்ட் போய்விடும். என் புத்தியால் என் பிள்ளையின் இரண்டு வருடம் போயிற்று என்றே நினைத்தேன்.

இது உங்கள் குடும்பத்தின் கருத்தா என்று அந்த மனிதர் கேட்டார். கயல் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான்.

"எங்க அப்பாவுக்கு அது வேலை. உங்க ஊர்ல கேட்டாங்க, தைச்சுக் குடுத்தார். நல்லாத் தைச்சிருப்பார். எனக்கு உங்க வார்டு வேலை. நானும் நல்லாச் செய்வேன்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். மனிதர் சிரிக்கவில்லை, ஆனால் திரும்ப எழுத ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்த அம்மாள் அக்கறையாக ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் வேலையைவிட வீடு கிடைப்பதுதான் கஷ்டம், முகத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லிவிடுகிற வீட்டுக்காரர்கள் உண்டு, சமாளிப்பாயா என்று கேட்டார்.

கயல் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "தெரியும் மேடம். எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றாள்.

6. கேட்டில் இருந்த அட்டை

அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். எங்கள் காம்பவுண்டுக்குள் வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிய நாலு லைன் வீடு இருக்கிறது. இரண்டு வீடு எட்டு மாதமாகக் காலி. உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் சொந்த வீடு கட்டிப் போய்விட்டன. கேட்டில் நானே என் கையால் எழுதித் தொங்கவிட்ட அட்டை ஒன்று இருந்தது. "வீடு காலி. வெளிமாநிலத்தவர் கேட்க வேண்டாம்." இந்தச் சட்டத்தை எதிர்த்து என் மனைவியும் மகளும் வெகுநாளாகப் பேசிவந்தார்கள். வீட்டில் என் ஆட்சிக்கு அப்போதே செல்வாக்கு இல்லை, எனக்குத்தான் அது தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

அன்று சாயங்காலமே அட்டையைக் கழற்றினேன். இனி வரிசையில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. எட்டாம் நாள் நானே தையல் லைனுக்குப் போய் சந்தோஷிடம் கேட்டேன். ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவர வீடு தேடுகிறான் என்று தெரியும்.

"உங்க ஊட்டு அட்டை எங்காளுங்க எல்லாருக்கும் தெரியுமுங்க சார். அந்தத் தெருப் பக்கமே யாரும் வர்றதில்லைங்க" என்றான்.

அட்டை இப்போது இல்லை என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னை இன்டர்வியூ எடுத்தான். தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், மீன் சமைத்தால் முகம் சுளிப்பீர்களா, ஊரிலிருந்து அவன் அம்மா வந்தால் ஒரு மாதம் தங்கலாமா. எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னேன். மீன் கேள்விக்கு மட்டும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருநாள் வாய்தா வாங்கினேன். எங்கள் வீட்டில் மீன் வாசமே கிடையாது. என் மனைவி, அவங்க ஊட்டுல அவங்க சமைக்கறாங்க, உங்களுக்கென்னங்க என்று முடித்துவிட்டாள்.

"சம்சாரம் அடுத்த வாரம் வர்றாங்க. கூட்டிட்டு வந்து காட்டிட்டுச் சொல்றேனுங்க சார்" என்றான்.

அந்த வாரத்தில் கயலுக்கு மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி பூஜையறையில் விழுந்து கும்பிட்டாள். நான் மெயிலை மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு எழுத்தாக, பிரின்ட்டுக்கு முன்பு ஆர்ட்வொர்க் பார்ப்பதுபோல. தை மாதம் கிளம்பினாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என் பாடம் இவ்வளவுதான். அப்ரூவல் கையெழுத்துப் போடும்போது எழுத்துப் பிழையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த எழுத்து யாரைப் பார்த்துப் பேசுகிறது என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு ஆர்டரை எடுப்பதும் விடுவதும் உங்கள் முதலாளி பாடு. உங்கள் வீட்டு கேட்டில் எழுதுவது உங்கள் பாடு.

சந்தோஷ் மனைவியோடு வந்து இரண்டு வீட்டையும் பார்த்தான். அவர்கள் அவர்களுடைய பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள், சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். நாலு நாள் பதில் இல்லை. நான் தையல் லைன் பக்கம் தேவையில்லாமல் இரண்டு தரம் போய்வந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவனாகவே கூப்பிட்டு, கடைசி வீடு அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தரவேண்டும் என்றான். அன்று சாயங்காலமே ஆளைக் கூட்டிவந்து அடித்துக் கொடுத்தேன்.