பின்பக்கம் மட்டும் பார்த்த நோட்டீஸ்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் கணக்குப்பிள்ளை வேணுகோபால். பிறகு செய்தவர்கள் எல்லாம் அவர் போட்ட வழியில் நடந்தவர்கள். நான் ஜவ்வாது மலையில் தலையாரியாக இருந்தேன். சர்க்கார் சேதி எது வந்தாலும் தமுக்கடித்து ஊருக்குச் சொல்வது என் வேலை. சொல்கிறவனுக்கே சேதி தெரியாது என்பதுதான் அந்த வேலையின் லட்சணம். உங்கள் பேரிலும் ஒரு காகிதம் ஏதாவது ஒரு ஆபீஸ் பீரோவில் கிடக்கும். அதைப் பார்க்க அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதலில் கையெழுத்து

முறைப்படி, தமுக்கடித்த பிறகுதான் நோட்டீசின் பின்பக்கத்தில் 'ஊரில் சொல்லியாகிவிட்டது' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். கணக்குப்பிள்ளையின் வீடு மலையடிவாரத்தில். மாதம் ஒரு தடவை இறங்கிப் போவேன். அவர் நோட்டீசுகளை நாலாக மடித்து, பின்பக்கம் மட்டும் தெரியும்படி வரிசையாக வைத்திருப்பார். எழுத வேண்டியதை அவரே எழுதியிருப்பார். நான் பேரை மட்டும் போட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்கே எனக்கு வியர்த்துவிடும். முடிந்ததும் வாய்வார்த்தையாக இரண்டு சேதி சொல்லி அனுப்புவார். மற்றதெல்லாம் அவர் பெட்டிக்குள் போய்விடும்.

ஒரு தடவை, "இன்னும் தமுக்கே போடலீங்களே, அதுக்குள்ள கையெழுத்தா?" என்று கேட்டேன்.

"நீ மலைமேல அடிக்கிற சத்தம் ஆபீசுக்குக் கேக்குமாடா? கையெழுத்துதான் கேக்கும்" என்றார்.

ஓடையில் ஏலம்

சர்க்கார் புளியமரங்களைக் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். அந்த மரங்கள்மேல் கணக்குப்பிள்ளையின் மச்சானுக்குக் கண். "ஓடைப் பக்கம் போய் அடி, உச்சி வெயில்ல அடி" என்று சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில் ஊரே சாமை அறுக்கப் போயிருக்கும். சொன்னபடி செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காளியம்மாள் ஒருத்திதான் முழுதும் கேட்டாள். எனக்கு முறைப்பெண். நான் தமுக்கைத் தோளில் மாட்டும்வரை பொறுத்திருந்தாள்.

"இன்னா மாமா, இந்தப் பாறைங்கல்லாம் ஏலம் எடுக்க வரப்போவுதா?" என்றாள்.

கண்ணாடிப் பலகை

அந்தக் கேள்வி ரொம்ப நாள் உறுத்தியது. மலைக்கு என்னென்ன நோட்டீஸ் வருகிறது என்று நானே பார்த்துவிடலாம் என்று, ஒரு நாள் இருட்டோடு இறங்கி, பஸ் பிடித்து, தாலுகா ஆபீசுக்குப் போனேன். வாசலில் கண்ணாடி போட்ட பலகை. அதற்குப் பூட்டு. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு கை தடிமனுக்கு நோட்டீஸ். மேலே இருந்தது மட்டும் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்ததில், அது காலரா ஊசி போடுவதைப் பற்றிய பழைய நோட்டீஸ். அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். சாவி வைத்திருப்பவர் லீவு என்றார் குமாஸ்தா.

"உள்ள இருக்கறது ரகசியமாங்க?" என்றேன்.

"ரகசியமெல்லாம் இல்லப்பா. எல்லாரும் பாக்கணும்னுதான் ஒட்டியிருக்கு. தொறக்கத்தான் உத்தரவு இல்ல" என்றார்.

என் கொல்லை

அப்பா காலத்திலிருந்து நாங்கள் சாமை விதைத்த கொல்லையில் ஒரு நாள் காட்டிலாகா ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டார்கள். கொல்லையும் மூன்று புளியமரமும் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இனி அது சர்க்கார் காடாம். அலறியடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு என்னைத் தெரியாது. ஆட்சேபித்து மனு கொடுக்கும் கெடு முடிந்துபோய்விட்டது என்றார். "எங்க ஊர்ல யாரும் சொல்லவே இல்லீங்க" என்றேன்.

அவர் ஒரு கோப்பை எடுத்து, ஒரு நோட்டீசின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கோணல் கோணலாக என் பேர்.

"சொல்லாம என்ன? ஊர் முழுக்கச் சொன்னதா உங்க தலையாரியே கையெழுத்து போட்டிருக்கான். கேக்கறதுன்னா அவனைப் போய்க் கேளு" என்றார்.

நகல்

அந்தத் தலையாரி நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. முன்பக்கத்தையும் காட்டுங்கள் என்றேன். கோப்பை மூடிவிட்டார். நகல் கேட்டு, காசு கொடுத்து எழுதி வாங்கி, எத்தனையோ மனு போட்டேன். பதில் இல்லை. பிறகு கணக்குப்பிள்ளை வேலையையே சர்க்கார் எடுத்துவிட்டது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அடுத்த தடவை ஆபீசுக்குப் போனபோது, அசல் மேலிடத்துக்குப் போய்விட்டது, நகல் பழைய கணக்குப்பிள்ளையிடம் இருக்கும் என்றார்கள். போனேன். பெட்டி அவர் கட்டிலுக்கு அடியில், பழைய இடத்திலேயே இருந்தது.

"சர்க்கார் காகிதத்தை உனக்கு எப்டிடா காட்டுவேன்? இப்ப நான் இன்னா சர்க்காரா?" என்றார் வேணுகோபால்.

ஊருக்கெல்லாம் சேதி சொல்லியே வயசு போன எனக்கு, நானே சொன்னதாக எழுதி வைத்திருக்கும் அந்த ஒரு சேதி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.