வாய்தாவே போதும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் நடத்திய வழக்குகளில், ஜெயித்த பிறகும் உறுத்திக்கொண்டிருப்பது செல்வராணியின் வழக்கு.

அவர் ராஜபாளையத்தில் ஒரு வாரப் பத்திரிகையைத் தனியாளாக நடத்தினார். செய்தி எழுதுவதும் அவர்தான், கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்பதும் அவர்தான். பேண்டேஜ் துணி வெளுக்கும் பிளீச்சிங் கம்பெனி ஒன்று கழிவுநீரை ஓடையில் விடுவதையும், பக்கத்துத் தோட்டங்களில் கிணறு கெட்டுப்போனதையும் படத்தோடு போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. முதல் பக்கத்தில் மன்னிப்பு வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு.

"தண்ணியப் பிடிச்சு லேபுக்குக் குடுத்து ரிப்போர்ட் வாங்கித்தான் சார் எழுதுனேன். எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றார்.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "கேக்க வேண்டாம்மா. தைரியமா இருங்க" என்றேன்.

கிரிமினல் வழக்காகப் போட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்வராணி நேரில் ஆஜராக வேண்டும். ஒருமுறை கம்பெனி மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு முறை அவர்கள் சீனியர் வக்கீலுக்கு மதுரையில் வேலை. நான் ஆட்சேபம் சொல்வேன், ஆனாலும் வழக்கு வாய்தா போகும். செல்வராணி கோர்ட் வராந்தாவில் நிற்கும் நாட்களில் ராஜபாளையத்தில் செய்தி எடுக்க ஆளில்லை. கடைக்காரர்கள், "கேஸ் முடியட்டும்மா, பொறவு விளம்பரம் தாரோம்" என்றார்கள். வாரப் பத்திரிகை மாதப் பத்திரிகையானது. பிறகு அதுவும் நின்றது.

கடைசியில் மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்ய நாள் குறித்தார்கள். லேப் ரிப்போர்ட்டோடு தயாராகப் போனேன். அன்று காலை அவர்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். செல்வராணி விடுதலை.

கிணறு கெட்டுப்போன விவசாயி மாடசாமி எங்களுக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தார். வெளியே வந்ததும் அவர் முகத்தில்தான் சந்தோஷம்.

"கேஸுதான் முடிஞ்சிட்டே தாயி. இன்னும் தண்ணி விட்டுக்கிட்டுத்தான் இருக்கான். இந்த வாரம் எழுதிருவியளா?"

"எதுல எழுத அண்ணாச்சி?" என்றார் செல்வராணி.

அவர் என்னைப் பார்க்கவில்லை.

என் ஜூனியர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. அந்தக் கம்பெனிக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை, வாய்தாவே போதுமாக இருந்தது. இப்படி ஒருவர் நோட்டீஸோடு வந்தால், வழக்கை நடத்துவது நம் வேலையில் பாதி. அவருடைய அடுத்த இதழ் வெளிவர வழி பார்ப்பது மீதிப் பாதி. அதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.