நாய் வழியாக வந்த அம்பர்

எண்பதுகளின் நடுவில் மதுரையில் எம்.ஃபில். வேதியியல் படித்தேன். பேராசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு, கடற்கரையில் ஒதுங்கும் அம்பர். திமிங்கலத்தின் குடலில் உருவாகி, அது வெளியே தள்ளி, வருஷக்கணக்கில் மிதந்து கரைக்கு வரும் மெழுகு மாதிரியான கட்டி அது. அத்தர்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். ராஜபாளையத்துக்காரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்கவில்லை. அவரே கடலைப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா கெடு வைத்திருந்தார். பங்குனிக்குள் பட்டம் வாங்கினால் வேலைக்குப் போகலாம். தவறினால் வைகாசியில் கல்யாணம். மகாராஜபுரத்தில் மாப்பிள்ளையும் தயார். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று ஜாதகத்தோடு சேர்த்தே சொல்லியனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீனவர்கள் கரையில் கிடைக்கிற கட்டியை எல்லாம் அம்பர் என்று எடுத்து வைத்திருப்பார்கள். அதில் எது அசல் என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசல் துண்டு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தர் கடை வைத்திருந்த பாயிடம் போய் நின்றேன். தன் வாப்பா காலத்துச் சரக்கு என்று புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படிக்கிற பிள்ளையிடம் காசு வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அதோடு நான் மதுரைக்குப் போயிருக்க வேண்டும். சித்தப்பா குறுக்கே வந்தார். அவர் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே வழிதான்: நாயைக் கூட்டிக்கொண்டு போ. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள், யோசிப்பார்கள். அம்பரைத் துணியில் தேய்த்துக் கொல்லையில் ஒளித்துவைத்து, நாய் கண்டுபிடித்தால் ஒரு விரல் பால்கோவா கொடுத்தார். பத்து நாளில் நாய் தேறிவிட்டது என்றார். அது மோப்பம் பிடிப்பது உங்கள் மடியிலிருக்கும் பால்கோவாவைத்தான் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

பஞ்சு ஏற்றுகிற வேனில் திருச்செந்தூர்ப் பக்கம் போய் நாயை அவிழ்த்துவிட்டோம். எங்கள் ஊர் நாய் வேட்டை நாய். ஓடுவதைப் பார்த்தால்தான் விரட்டும். அம்பர் ஓடாது. நண்டு ஓடும், அலையும் ஓடும். அலை பின்வாங்கும்போதெல்லாம் தான்தான் விரட்டியதாக அது வாலை ஆட்டியது. அலை திரும்பி வந்தால் கோபப்பட்டது. மத்தியானம் வரை கடலை விரட்டிக்கொண்டே இருந்தது. அதற்குள் நான் மீனவர்களிடம் கேட்டு வாங்கி ஒரு பை நிறையக் கட்டிகள் சேர்த்துவிட்டேன்.

மீனவர்கள் சிரித்தது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நாய்க்கு வாசனையை ஞாபகப்படுத்துகிறேன் என்று அசல் துண்டு இருந்த என் டப்பாவைத் திறந்து, பால்கோவா பிசுக்கிருந்த கையாலேயே அம்பரை எடுத்து நாயின் மூக்கருகே நீட்டினார். அவ்வளவுதான், லபக்.

நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வைகாசி என் கண்முன்னே வந்து நின்றது.

"ஏட்டி, அழாத. போனது வந்துதான ஆகணும்," என்றார் சித்தப்பா.

ஊருக்கு வந்து மூன்று நாள் நாயின் பின்னாலேயே குச்சியும் டப்பாவுமாக அலைந்தேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. மூன்றாம் நாள் காலையில் கிடைத்தது. கழுவி, காயவைத்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொட்டேன். கறுப்பாக உருகிப் புகைந்து, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி மணத்தது. அசலேதான். மீனவர்களின் கட்டிகள் எல்லாம் சோப்பு, தார், மெழுகுவர்த்தி, கொழுப்பு. ஒன்றுகூட அம்பர் இல்லை. அதை அப்படியே எழுதினேன். ஒப்பீட்டுத் துண்டு நாயின் வயிற்றுக்குள் போய் வந்ததையும் எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடு என்று பேராசிரியர் கெஞ்சினார். மாதிரி எந்த வழியாக வந்தது என்று மறைத்தால் அது என்ன ஆராய்ச்சி என்று சண்டை போட்டேன்.

பங்குனிக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அப்பா மாப்பிள்ளை வீட்டுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்பரை எடுத்து முகர்ந்து, கண்ணை மூடி, ஆகா என்றார். பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டினார். துண்டை மெதுவாகக் கீழே வைத்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையையும் முகர்ந்து பார்த்தார். என் பேராசிரியர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார் தேர்வாளர். எனக்குத் தெரியுமே சார் என்றேன்.

"திமிங்கலத்துக் குடல்ல இருந்து வந்தா தலையில தூக்கி வச்சுக்கிறோம். நாய்க்குடல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஊருக்குத் திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டியதும், அப்பா பக்கத்து சீட்டில் இருந்தவரிடம், அவர் ஒன்றும் கேட்காமலே, சொன்னார்.

"எம் மக நாய்ப் பீயில பட்டம் வாங்கியிருக்கா. இனி வேலைக்குப் போவா."