கழுத்தில் மாட்ட வேண்டிய இரண்டு ஆணிகள்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து கோவிந்தசாமி என்பவர் 1938 செப்டம்பர் 11 தேதியிட்டு எழுதிய கடிதம், நவம்பர் கடைசிக் கப்பலில் என் கைக்கு வந்தது. கனடாவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆளும் இந்த மிக்கெலோன் தீவுக் கச்சேரியில் அவருக்குக் குமாஸ்தா வேலை உத்தரவாகியிருக்கிறது. அடுத்த கோடையில் வருகிறார். கடிதத்தின் நடுவில் இப்படி ஒரு வரி: "அங்கே குளம் உறைந்த பிறகு அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பார்களாமே, அதற்கு என்னென்ன சாமான் வேண்டும், இங்கிருந்து எதைக் கொண்டுவரலாம் என்று விவரமாக எழுதவும்." இதற்குத் தமிழில் பதில் சொல்ல இந்தத் தீவில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை இருவர் இருந்தோம். அவருக்கு மட்டும் எழுதுவதைவிட, வில்லியனூரிலும் பாகூரிலும் இருப்பவர்களும், வேறு சீமைகளில் இருப்பவர்களும் படிக்கும்படி எழுதுவது நல்லது என்று தோன்றியது.

முதல் சாமான் கடப்பாரை. அதை இங்கே மீனுக்கு முன்னால் தண்ணீருக்குத்தான் எடுக்கிறோம். இன்று காலையும் அடுப்படியில் வைத்த வாளித் தண்ணீரைக் கடப்பாரையால் குத்தி உடைத்துத்தான் முகம் கழுவினேன். குளத்துக்கு எடுத்துப் போகும்போது அதன் தலையில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் மண்ணைக் குத்தினால் கடப்பாரை மண்ணிலேயே நிற்கும். இங்கே கடைசிக் குத்தில் பனி விட்டுக்கொடுத்ததும் அது கையை உருவிக்கொண்டு அடியாழத்துக்குப் போய்விடும். எங்கள் முதல் கடப்பாரை அப்படித்தான் போயிற்று. அடுத்தது வடை எடுக்கும் சல்லிக்கரண்டி. குத்திய துளையில் மிதக்கும் பனிச்சில்லை அள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் துளை மூடிவிடும். முழநீளக் குச்சி, தூண்டில் நரம்பு, முள், உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முள், உட்கார ஒரு பெட்டி, இழுத்துப்போகச் சறுக்குவண்டி, அதில் ஒரு நீளக் கயிறு. இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதுவதற்கு முன் வேணுவைப் பற்றி எழுத வேண்டும்.

வேணு கரியமாணிக்கத்துக்காரன். என் தங்கை அஞ்சலையின் கணவன். 1935இல் நான்தான் இங்கே துரையிடம் சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்து வரவழைத்தேன். மீன் என்றால் உயிர். கல்யாணமான வருஷம் பாகூர் ஏரி வற்றியபோது, புது மாப்பிள்ளை என்ற கூச்சமில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினான். வற்றும் ஏரியில் மீன்பிடிப்பது எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக நின்று, அடியில்லாத கூடையான ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவுவோம். மற்றவர்கள் நடு ஏரியில் துழாவிக்கொண்டிருக்க, அவன் நேரே மதகடிப் பள்ளத்துக்குப் போய் இரண்டு விரால் எடுத்து வந்தான். தண்ணீர் குறையக் குறைய மீன் மதகடிக்குத்தான் ஒதுங்கும். எங்கே கால் வைக்கலாம் என்பதற்கும் எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது: சேறு பளபளவென்று கறுத்திருந்தால் இடுப்புவரை உள்ளே இழுக்கும், வெளுத்துப் பொருக்குத் தட்டியிருந்தால் வண்டிமாட்டையே தாங்கும்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரன் இவோன், படகு செப்பனிடுகிறவன். 1936 நவம்பரில் குளம் உறைந்ததும் எங்களுக்கு ஆளுக்கொன்று செய்துகொண்டு வந்தான். இரண்டு மரப்பிடிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கூரான ஆணி, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. பனி உடைந்து உள்ளே விழுந்தால் இரண்டு கையிலும் பிடித்து, ஓரத்தில் குத்திக் குத்தி மேலே ஏற வேண்டுமாம். வேணுவின் கழுத்தில் அவனே மாட்டி, "எப்போதும் கழுத்தில்" என்று பிரெஞ்சில் இரண்டு தரம் சொன்னான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னா மாப்ள, என் தங்கச்சி கழுத்துல நீ கட்டுன. இப்ப உன் கழுத்துல இவோன் முசே கட்டிட்டாரு. சரிக்குச் சரியாப் பூடுச்சு" என்றேன்.

வேணு குனிந்து மார்பைப் பார்த்தான். "ரெண்டு உருப்படி வேற தொங்குது. மஞ்சத்தான் பூசல. உன் தங்கச்சி பாத்தா ஊரையே கூட்டிடும்பா."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். என்ன சொல்கிறான் என்று இவோன் கேட்டான். அழகாக இருக்கிறதாம் என்றேன். சந்தோஷத்தில் சிரிக்கிறோம் என்று நினைத்து அவனும் சிரித்தான். "அழகுக்கு இல்லை" என்று மட்டும் சொன்னான். தாலி என்றால் என்ன, ஆண்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு தெருவில் போனால் எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதையெல்லாம் அவனுக்கு எப்படி விளக்குவது? அன்றிலிருந்து வேணு இவோன் கண் முன்னால் மட்டும் அதை மாட்டிக்கொள்வான். தெரு திரும்பியதும், "போதும்பா இந்தக் கோலம்" என்று கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வான். நானும் என்னுடையதைக் கழற்றிவிடுவேன்.

1937 ஜனவரி 17, ஞாயிறு. பொங்கல் போய்விட்டது, கறி சமைக்கும் கரிநாளும் போய்விட்டது. "கரிநாளுக்குக்கூட உப்பு மீனுதானா மச்சான், நாக்கே செத்துப்பூச்சு" என்று நான்கு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தவன், காலையிலேயே சறுக்குவண்டியை இழுத்துவிட்டான். இவோன் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, தான் மரக்கிளை நட்டு வைத்த இடத்தைத் தாண்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினான். அந்த இடத்தில் பனி கண்ணாடி போலக் கறுத்திருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு மீன் தொடவில்லை.

"மச்சான், நம்ம ஏரில கடசீல மீனு எங்க ஒண்டும்?"

"மதகாண்ட."

"அப்ப இங்க மட்டும் நடுவுல வந்து குந்தினு இருக்குமா? வெள்ளக்காரன் சொன்னா நீ கேட்டுக்குவ."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு, குளத்துத் தண்ணீர் கடலுக்கு வடியும் மூலையைப் பார்த்து நடந்தான். அங்கே பனி வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் தடுக்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓடும் தண்ணீருக்கு மேல் பனி கெட்டிப்படாது என்பதும், கறுத்த பனியே தாங்கும், வெளுத்தது ஏமாற்றும் என்பதும் இவ்வூர்க் குழந்தைகளுக்குத் தெரியும். எங்களுக்கு ஏரி தெரியும்.

சத்தம் பெரிதாக இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது மார்புவரை தண்ணீரில் இருந்தான். இரண்டு முழங்கையும் பனியின் ஓரத்தில் இருந்தன. ஏற முயன்ற ஒவ்வொரு தடவையும் நனைந்த சோப்பைப் போல அது வழுக்கி அவனைக் கீழே விட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு படுத்தபடியே ஊர்ந்தேன். எனக்கடியில் பனி முனகியது. நின்றுவிட்டேன். நின்ற இடத்திலிருந்து கயிற்றை எறிந்தேன். அவனை எட்ட மூன்று பாகம், பதினெட்டு அடி, குறைந்தது. "வராத மச்சான்" என்றான். பிறகு வலது கையை ஓரத்திலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். கோட்டுப் பைக்குத்தான் போயிருக்க வேண்டும். இடது கை ஒன்றே அவனைத் தாங்கப் போதவில்லை.

தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கடிதம்தான் எழுதினேன். குளத்தில் தவறி விழுந்தார் என்று எழுதினேன், என் கேலியை எழுதவில்லை. அது பாகூர் போய்ச் சேரப் பங்குனி ஆயிற்று. நடுவில் இருந்த இரண்டு மாதமும் அஞ்சலை வெள்ளிதோறும் தாலிக்கு மஞ்சள் பூசியிருப்பாள். எந்தத் தேதியில் அதைக் கழற்றினார்கள் என்று ஊரிலிருந்து எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி குறித்து வைக்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை யாராவது அவளுக்குப் படித்துக்காட்டுவார்கள். காட்டட்டும்.

கோவிந்தசாமி அவர்களே, ஊரிலிருந்து சல்லிக்கரண்டி மட்டும் கொண்டுவாருங்கள், நம் கரண்டிக்குக் காம்பு நீளம். மற்றதெல்லாம் இங்கே கிடைக்கும். ஆணிக் கயிற்றை இவோன் செய்து தருவான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், யார் சிரித்தாலும் கழற்றாதீர்கள். இதைச் சொல்வதால் பயன் உண்டு என்று நான் நம்பவில்லை. வேணுவுக்கும் சொல்லித்தான் இருந்தது.

ஊருக்குப் போக எனக்கு இரண்டு தரம் விடுப்பு கிடைத்தது. இரண்டு தரமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே போனால் அவள் கழுத்தைப் பார்க்க வேண்டும். இங்கே சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் கழுத்தைப் பார்க்கிறேன், அதில் வேணுவின் கயிறு கிடக்கிறது. கோடையிலும் கழற்றுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஏணி போட்டு உடலை எடுத்தவர்களில் இவோனும் ஒருவன். வலது கை ஓர் ஆணியை இறுக்கிப் பிடித்திருந்தது, தானே விரலைப் பிரித்து எடுத்ததாகச் சொல்கிறான். அன்று எழுதிய அரசாங்கக் காகிதத்தில், கயிறு இரண்டு ஆணிகளோடும் வலது பையில் சுற்றியபடியே இருந்தது என்று இருக்கிறது. உடலை எடுத்தபோது நான் பக்கத்தில் இல்லை. இரண்டில் எது உண்மை என்பதை 1938 டிசம்பர் 4 ஆகிய இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.